முதலில் மலை, பிறகு போட்டி

சுற்றுச்சூழல் என்று தலைப்புக் கொடுத்துப் பள்ளியில் ஓர் ஓவியப் போட்டி வைத்தால், வந்து குவியும் தாள்களில் பாதியிலாவது பூமி உருண்டை அழுதுகொண்டிருக்கும். மீதியில் ஒரு பக்கம் பசுமையாகவும் மறுபக்கம் காய்ந்தும் நிற்கும் மரம், அதைத் தாங்கும் இரண்டு கைகள். தண்ணீர் சேமிப்பு என்றால் சொட்டும் குழாய். மின்சிக்கனம் என்றால் கண்ணும் மூக்கும் முளைத்த பல்பு. வரைந்த பிள்ளைகளுக்குக் கைத்திறன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நேரில் பார்த்ததை வரையச் சொல்லி அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். போன வருடம் பரிசு வாங்கிய படத்தைக் காட்டி, 'இதே மாதிரி போடு' என்று சொல்லியிருப்பார்கள்.

ஒளிப்படப் போட்டிகளிலும் இதே கதைதான்: அஸ்தமன சூரியன், சுருக்கம் விழுந்த பாட்டி முகம், கறுப்பு வெள்ளையில் வெறுங்காலுடன் ஒரு குழந்தை. ஏற்காட்டில் இன்னொன்றும் சேரும். லேடீஸ் சீட்டில் நின்று, கீழே வளையும் மலைப்பாதையையும் சேலம் நகரத்தையும் எடுத்த படம். நல்ல காட்சிதான். ஆனால் அங்கே நின்ற ஒவ்வொரு சுற்றுலாப் பயணியின் செல்போனிலும் அது இருக்கிறது.

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் கீழே சேலத்திலும் 9 முதல் 12 வரை படிக்கும் மாணவர்களுக்காகவும், அவர்களுடைய ஓவிய ஆசிரியர்களுக்காகவும் எழுதப்பட்டது இந்த அத்தியாயம். போட்டி அறிவிப்பு வந்த பிறகு பொருள் தேடி ஓடுவது தலைகீழ் வேலை. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றை ஒரு கல்வியாண்டு முழுக்கப் பின்தொடர்ந்து வரைய வேண்டும், படம் எடுக்க வேண்டும். போட்டிக்கான தாள் அப்படிச் சேரும் தாள்கட்டிலிருந்து தானாக வரும்.

பரிசு வாங்கிய படங்கள் எங்கே கிடைத்தன

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் சிறுவர்களுக்கு மூன்று பிரிவுகள் உண்டு: 10 வயது வரை, 11 முதல் 14, 15 முதல் 17. 2021இல் 10 வயதுக்குட்பட்டோர் பிரிவில் வென்ற வித்யுன் ஹெப்பார் பெங்களூரைச் சேர்ந்த சிறுவன். அவன் எடுத்தது புலியை அல்ல. ஊரிலுள்ள பொழுதுபோக்குப் பூங்காவின் சுவரிடுக்கில் வலை கட்டியிருந்த ஒரு சிலந்தியை. பின்னால் ஓர் ஆட்டோ கடந்துபோன நொடியில் அதன் வண்ணங்கள் வலைக்குப் பின்திரை ஆயின. 2023இல் அதே பிரிவில் வென்ற விஹான் தல்யா விகாஸும் பெங்களூர்ப் பையன்தான். தேவனஹள்ளி அருகே நல்லூர் புளியந்தோப்பில், சுவரில் செதுக்கிய கிருஷ்ணர் உருவத்துக்குப் பக்கத்தில் இருந்த சிலந்தியை எடுத்தான். 2018இல் வென்ற பஞ்சாபின் அர்ஷ்தீப் சிங், கபூர்தலாவில் ஒரு பழைய குழாய்க்குள் ஆந்தை நுழைவதைக் காரிலிருந்து கவனித்துச் சொன்னபோது அப்பாவே முதலில் நம்பவில்லை. அப்பாவின் கேமராவை வாங்கி, பாதி இறக்கிய கார்க் கண்ணாடிமேல் லென்ஸைச் சாய்த்து எடுத்த படத்தில், குழாயிலிருந்து இரண்டு ஆந்தைகள் எட்டிப் பார்க்கின்றன.

மூவரும் உயர்நிலைப் பள்ளி வயதைக்கூட எட்டாதவர்கள் என்பதைப் பெரிய பிள்ளைகள் கொஞ்சம் கவனிக்கலாம். மூத்த பிள்ளைகளின் பிரிவிலும் கதை மாறுவதில்லை. 2020இல் 15–17 வயதுப் பிரிவில் வென்று, அந்த ஆண்டின் சிறந்த இளம் ஒளிப்படக்காரராகவும் தேர்வான பின்லாந்துப் பெண் லீனா ஹெய்க்கினென், ஹெல்சிங்கியை ஒட்டிய தீவு ஒன்றில் நரிக் குடும்பத்துடன் ஒரு கோடை நாளைக் கழித்துத்தான் அந்தப் படத்தை எடுத்தார்.

மலைப்பள்ளிக்கு நெருக்கமான உதாரணம் வெண்டி இவால்ட். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த அப்பலாச்சியன் மலைப் பகுதியில் 1970களின் பிற்பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒளிப்படம் கற்றுக்கொடுத்தவர் இவர். பிள்ளைகளிடம் இருந்தவை எளிய இன்ஸ்டாமேட்டிக் கேமராக்கள். அவர் கொடுத்த பாடங்களும் எளியவைதான்: உன்னை எடு, உன் குடும்பத்தை எடு, உன் வீட்டு விலங்குகளை எடு, கடைசியாக உன் கனவை எடு. அந்தப் படங்கள் 1985இல் புத்தகமாக வந்தன. 'கனவை எடு' என்ற பாடத்தை ஏற்காட்டில் ஒரு பனி நாளில் கொடுத்துப் பார்க்கலாம். பாதி வேலையைப் பனியே செய்துவிடும்.

தமிழ்நாட்டில் இந்த வேலையைத் தொடர்ந்து செய்துவருபவர் எம். பழனிக்குமார். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 'பாரி' இணைய ஆவணக் களத்தின் ஒளிப்படக்காரர். தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்து, அவர்களுடைய படங்களைக் கண்காட்சிகளாக வைத்திருக்கிறார். வெளியிலிருந்து வரும் ஒளிப்படக்காரர் அந்தத் தெருக்களில் எதை எடுப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு, அம்மா வேலையிலிருந்து திரும்பும் நேரம் தெரியும், அப்போது வாசலில் வெளிச்சம் எப்படி விழும் என்பதும் தெரியும்.

ஒரு காபிச் செடியின் ஓராண்டு

சேர்வராயன் மலையில் காபி 1820களிலேயே வந்துவிட்டது. அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்தார், ஏற்காட்டின் கிரேஞ்ச் தோட்டம் அவர் பெயரோடு சேர்ந்தது. இன்று மலையெங்கும் சில்வர் ஓக் நிழலில் அரபிகா காபி, சில்வர் ஓக்கில் ஏறும் மிளகுக் கொடி. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இது பார்த்துப் பார்த்துச் சலித்த காட்சி. சலித்த காட்சிதான் நல்ல திட்டமாகும், ஏனென்றால் அதில் என்ன மாறுகிறது என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும்.

திட்டம் இதுதான். பள்ளி வேலி ஓரத்திலோ வீட்டுப் பின்புறத்திலோ ஒரே ஒரு காபிச் செடியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில் நின்று, அதே உயரத்திலிருந்து ஒரு ஒளிப்படம். அதே நாளில் அந்தச் செடியின் ஏதாவது ஒரு பாகத்தின் பென்சில் ஓவியம். நிற்கும் இடத்தில் ஒரு கல்லைப் பதித்துவைத்தால் அடுத்த முறை தேட வேண்டாம்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது காய்கள் குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். மழைக்காலம் முழுக்கப் பச்சையாகவே பருத்துக்கொண்டு போகும். இந்த மாதங்களில் பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டும், ஆசிரியர் பிடித்து நிறுத்த வேண்டிய இடம் இது. காயை விட்டுவிட்டு இலையை வரையச் சொல்லலாம். காபி இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும், விளிம்பு நெளியும், மேல்பக்கம் பளபளக்கும். அந்தப் பளபளப்பை வெள்ளை வண்ணம் பூசிக் கொண்டுவர முடியாது, தாளை அந்த இடத்தில் வெறுமையாக விட்டால்தான் வரும். இதைக் கற்றுக்கொள்ளவே ஓர் ஆகஸ்ட் மாதம் போகும், போகட்டும்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் சிவந்து பறிப்பு நடக்கும். அரையாண்டு விடுமுறை சரியாக இதற்குள் விழுகிறது. பறிப்பு, பல்ப்பரில் தோல் நீக்குவது, கழுவுவது, களத்தில் காயப்போடுவது எல்லாம் பத்து நாளுக்குள் அடுத்தடுத்துப் பார்க்கக் கிடைக்கும். செல்போன்கள் சிவப்பை மிகைப்படுத்தும் பழக்கமுள்ளவை. கூடை நிறையப் பழம் இருந்தால் படத்தில் ஒரே சிவப்புத் திட்டாகிப் பழங்களின் உருவமே கரைந்துவிடும். ஃபில்டர்களை அணைத்துவிட்டு, நேர் வெயிலைத் தவிர்த்து, கூரை நிழலில் எடுத்தால் ஒவ்வொரு பழமும் தனியாகத் தெரியும்.

பிப்ரவரியில் செடி வாடியதுபோல் நிற்கும். மொட்டுகள் உள்ளே காத்திருக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு கோடை மழை நன்றாகப் பெய்து மண் நனைந்தால், ஒன்பது, பத்து நாள் கழித்து மலை முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகைபோல மணக்கும். மூன்று நான்கு நாள்தான், பிறகு பழுப்பாகி உதிரும். ஆகவே மழை பெய்த தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொள்வதே இந்தத் திட்டத்தின் முக்கியமான திறமை. கேமரா பற்றி எதுவும் தெரியாத பிள்ளைகூட மழைத் தேதியைக் குறித்து வைத்திருந்தால், விலை உயர்ந்த லென்ஸோடு வாரக்கடைசியில் வந்து இறங்குபவரை முந்திவிடும்.

பூ எடுக்கும்போது ஒரு சிக்கல். வெள்ளைப் பூ, சுற்றிலும் கரும்பச்சை இலை. இருட்டான இலைகள் அதிக இடத்தை அடைத்திருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பூவின் இதழ்கள் வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். திரையில் பூவின்மேல் விரலை அழுத்திப் பிடித்து, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்தால் இதழ்களின் நரம்புகள் திரும்ப வரும்.

பூப்பது தேர்வுக் காலத்தில் என்பது இந்தத் திட்டத்தின் ஒரே தொல்லை. 10, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளைப் பொதுத் தேர்வு நேரத்தில் பூப் பார்க்க அனுப்பச் சொல்லி எந்தப் பெற்றோரிடமும் கேட்க முடியாது. 9ஆம் வகுப்புதான் சரியான வகுப்பு.

பனியில் வேலை செய்வது

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் காலை முழுக்கப் பனி விலகாத நாள்கள் உண்டு. அந்த நாள்களில் ஓவிய வகுப்பை ரத்து செய்யும் பள்ளிகள் நல்ல வாய்ப்பை வீணாக்குகின்றன.

ஓவியத்தில் தூரத்தைக் காட்டுவது பாடப்புத்தகத்தில் படித்தால் புரியாத விஷயம். பனி இறங்கிய சில்வர் ஓக் வரிசைக்கு எதிரே ஒரு பிள்ளையை நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். முதல் மரத்தின் பட்டையில் வெடிப்புகள் தெரியும். இரண்டாவதில் வெடிப்பு இல்லை, கிளைகள் மட்டும். மூன்றாவது தட்டையான ஒரு சாம்பல் பட்டை. நான்காவதைத் தாளின் நிறத்திலிருந்து பிரித்துச் சொல்வதே கடினம். இதை வரைய மூன்று பென்சில் போதும்: முன்மரத்துக்கு 6பி, அடுத்ததற்கு 2பி, பின்னால் உள்ளவற்றுக்கு அழுத்தமே இல்லாமல் எச்பி. பின்மரத்திலிருந்து தொடங்கி முன்னே வர வேண்டும். முன்மரத்தை முதலில் கறுப்பாகப் போட்டுவிட்ட பிள்ளை, பின்னால் உள்ளவற்றையும் அதற்கு ஈடாகக் கறுப்பாக்கிக்கொண்டே போகும்.

நீர்வண்ணம் வெளியே எடுத்துப் போக வேண்டாம். காற்றில் இருக்கும் ஈரத்தில் தாள் காயவே காயாது, இரண்டாவது பூச்சு முதலாவதோடு கலந்து சேறாகும். சாதாரண டிராயிங் சீட் ஈரத்தை உறிஞ்சி அலையலையாக எழும்பும். பென்சிலும் கரிக்கோலும் எடுத்துப் போகலாம், தாள்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளலாம். வண்ணம் வேண்டுமானால் குறிப்பு எழுதிக்கொண்டு வந்து வகுப்பறையில் தீட்டலாம். அதற்கு 300 ஜிஎஸ்எம் தாள் வாங்கப் பணம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தாளின் நான்கு ஓரத்தையும் பலகையில் டேப் ஒட்டி இழுத்துக்கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஒளிப்படத்தில் பனி ஏமாற்றும். எந்தக் காட்சியாக இருந்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று கேமரா கருதிக்கொள்ளும். அதனால் வெண்பனி, படத்தில் அழுக்குச் சாம்பலாக வந்து நிற்கும். பூவுக்குச் செய்ததற்கு நேரெதிராக, சூரியக் குறியை மேலே தள்ள வேண்டும். கேமராவாக இருந்தால் எக்ஸ்போஷரை அரை முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டலாம். பேருந்திலிருந்து இறங்கியதும் எடுக்கும் முதல் படங்கள் மங்கலாக இருந்தால் அது கலையல்ல, லென்ஸில் படிந்த ஈரம். பருத்தித் துணியால் துடைத்துவிட்டுச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். விரலால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துகொள்ளும்.

இலை, பூ, வேர்

இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1963இலிருந்து ஏற்காட்டில் இருக்கிறது. சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற மரம் இந்தப் பகுதிக்கே உரியது. தாவர ஓவியத்துக்கு இதைவிட நல்ல களம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஆனாலும் பள்ளி ஓவியப் பயிற்சியில் தாவர ஓவியத்துக்கு இடமே இல்லாமல் இருப்பது வருத்தம்தான்.

அந்தக் கலைக்கு இங்கே நல்ல மூதாதையர் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் பணியாற்றிய ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள் நூற்றுக்கணக்கான செடிகளை வரைந்தார்கள். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட பெரிய தாவரப் படத்தொகுதி அவர்கள் கைகளால் ஆனது. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். வரைந்தவர் பெயரை யாரும் குறித்துவைக்காத காலம் அது, ஆகவே இது சிறிய மரியாதை இல்லை.

அவர்கள் வரைந்த முறையை இன்றைய மாணவரும் பின்பற்றலாம். செடியை அசல் அளவில் வரைய வேண்டும், பெரிதாக்கினால் எத்தனை மடங்கு என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். பூவை முன்புறம், பக்கவாட்டு, நெடுக்காக வெட்டிய தோற்றம் என மூன்று விதமாகக் காட்ட வேண்டும். நிழலுக்கு ஒரே திசையிலிருந்து வெளிச்சம், வழக்கமாக இடது மேல்புறத்திலிருந்து. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வகுப்புக்குப் போதும். காட்டு ஆர்க்கிட்டைப் பிடுங்கிக்கொண்டு வரக் கூடாது. தோட்டத்தில் தொட்டியில் இருப்பதை உட்கார்ந்து வரையலாம், வெட்டிப் பார்க்க வீட்டுச் செம்பருத்தி இருக்கிறது.

ஆட்களைப் படம் பிடிக்கும்போது

மலையின் பழங்குடியான மலையாளி மக்கள் தமிழ் பேசுபவர்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். சேர்வராயன் கோயிலில் மே மாதம் நடக்கும் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார ஊர்களெல்லாம் திரளும், கேமராக்களும் திரளும். பள்ளித் திட்டத்துக்கு இங்கே ஒரே விதி: பெயரும் ஊரும் தெரியாத ஒருவரின் முகத்தைப் போட்டிக்கு அனுப்பக் கூடாது. 'அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா? ஸ்கூல்ல மாட்டுவோம், போட்டிக்கும் அனுப்புவோம்' என்று முழுதாகச் சொல்லிக் கேட்க வேண்டும். எடுத்த பிறகு திரையைக் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் அவர் கண்ணெதிரிலேயே அழிக்க வேண்டும். குழந்தை என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும். தோட்டத்துக்குள் என்றால் தோட்டக்காரர் அனுமதி தனி, பறிப்பவரின் சம்மதம் தனி. முதலாளி சரி என்றதால் தொழிலாளியும் சரி என்றதாக ஆகாது. காப்புக்காட்டுக்குள் நுழைவதானால் வனத்துறையின் அனுமதி வேண்டும், அதைப் பள்ளியே எழுதிக் கேட்பது நல்லது.

மலையாளி கிராமத்துப் பிள்ளையே வகுப்பில் இருந்தால் மேலே சொன்னவற்றில் பாதி தேவைப்படாது. கேமராவை அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம்.

கீழே சேலத்தில் படிப்பவர்கள் இதற்காக 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டியதில்லை. வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் ஜவ்வரிசிக் களங்களும் அவர்களுக்கு அருகிலேயே இருக்கின்றன.

எந்தப் போட்டி, யாருக்கு

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முதல் வாசல் கலைத் திருவிழா. 2022–23இல் பள்ளிக் கல்வித்துறை தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும். மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டங்கள். களிமண்ணிலும் வண்ணத்திலும் கை பழகிய கிராமத்துப் பிள்ளைகள் முதன்முறையாகப் பெரிய மேடையைப் பார்த்தது இதனால்தான். மத்திய அரசின் கலா உத்சவ் 2015இலிருந்து நடக்கிறது. 9 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ளவர்களுக்கு ஓவியம், சிற்பம், மரபுப் பொம்மைகள் போன்ற பிரிவுகள் உண்டு. ஊரின் கலை மரபோடு தொடர்பு காட்டுவதற்கு அங்கே மதிப்பு. காபிச் செடித் தாள்களைவிட, மலையூர் வீட்டு அமைப்பையோ சந்தைக் கூடைகளையோ ஆராய்ந்து செய்த வேலை அங்கே பொருந்தும்.

மின்சிக்கன ஓவியப் போட்டியை மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் நடத்துகிறது. பள்ளியில் தொடங்கி டெல்லி வரை போகும். முகம் முளைத்த பல்புகளின் தாயகம் இதுதான். ஆகவே புதிதாக யோசித்தவருக்கு இங்கே வாய்ப்பும் அதிகம். அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரத்தில் வனத்துறை நடத்தும் போட்டிகளை மலைப்பள்ளிகள் தவறவிடக் கூடாது. ஏற்காட்டில் காட்டெருதுகளை நேரில் பார்த்து வளர்ந்த பிள்ளை, காலண்டர் புலியை வரைய வேண்டியதில்லை.

கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949இல் தொடங்கிய சர்வதேசக் குழந்தைகள் ஓவியப் போட்டிக்கு 16 வயதுதான் எல்லை. 10ஆம் வகுப்போடு அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும், ஆகையால் 9இலேயே அனுப்பிவிட வேண்டும். ஜவகர் சிறுவர் மன்றத்தில் சேர்ந்து பயில்பவர்களுக்கும் 16 வயது வரைதான். லண்டன் காட்டுயிர்ப் போட்டிக்கு 17 வயது வரை கட்டணம் கிடையாது. சோனி உலக ஒளிப்பட விருதுகளின் இளையோர் பிரிவு 19 வயது வரை, அதுவும் இலவசம். பள்ளிப் பிள்ளைகளிடம் பெரிய நுழைவுக் கட்டணம் கேட்டு, கலந்துகொண்ட எல்லோருக்கும் கோப்பை என்று விளம்பரம் செய்யும் 'உலகச் சாதனை' போட்டிகளை ஒதுக்கிவிடலாம். அந்தப் பணத்தில் நல்ல தாள் வாங்கலாம்.

ஓவிய ஆசிரியர் வேலையை நினைப்பவர்களுக்கு அரசு தொழில்நுட்பத் தேர்வுகளின் ஓவியப் பாடங்கள் பழகிய வழி. ஓவியராகவே ஆக நினைப்பவர்களுக்கு 12க்குப் பிறகு சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய ஓவியப் பள்ளியின் தொடர்ச்சி. அங்கே நேர்முகத்துக்குப் போகும்போது கோப்பையைவிட, ஒரே செடியை ஓராண்டு வரைந்த நோட்டு அதிகம் பேசும்.

திருத்தலாம், எதுவரை

சேலம் மாவட்டத்தை முதலில் படமெடுத்தவர்களில் ஒருவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த அவருடைய ராயக்கோட்டை, சேலம் மாவட்டப் படத்தொகுதி 1858இல் வந்தது. பெரிய காகித நெகட்டிவ்களில் வேலை செய்தவர். அக்கால நெகட்டிவ்களில் வானம் வெறுமையாக வரும் என்பதால், நெகட்டிவ் மீதே வண்ணம் பூசி மேகங்களைச் சேர்த்தார். படத்தைத் திருத்துவது செல்போனோடு வந்த பழக்கம் இல்லை.

இன்றைய போட்டிகள் அந்த மேகத்தை ஏற்காது. வெளிச்சம், நிறம் சரிசெய்வது, ஓரம் வெட்டுவது பெரும்பாலும் அனுமதிக்கப்படும். எதையாவது சேர்ப்பதும் நீக்குவதும் கூடாது. லண்டன் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு வருபவர்களிடம் மூலக் கோப்பைக் கேட்பார்கள். அங்கே வேலி தாண்டும் ஓநாயை எடுத்து 2009இல் முதல் பரிசு வாங்கியவரின் பரிசு, ஓநாய் பழக்கப்பட்டது என்று முடிவானதும் பறிக்கப்பட்டது. 2017இல் வென்ற எறும்புத்தின்னிப் படமும் அடுத்த ஆண்டு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதிலிருந்த விலங்கு பாடம் செய்யப்பட்டது என்பது நிபுணர்களின் முடிவு. 2023இல் சோனி விருதில் தன் பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன், படம் செயற்கை நுண்ணறிவில் உருவானது என்று தானே அறிவித்துப் பரிசை மறுத்தார். பள்ளி அளவில் இதற்கு ஒரே தற்காப்பு, மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருப்பது. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்த பிள்ளைகளே அதிகம். வாட்ஸ்அப்பில் போன படம் சுருங்கிவிடும், எப்போது எடுத்தது என்ற விவரமும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பலாம், அல்லது கேபிளில் கணினிக்கு மாற்றலாம்.

அனுப்புவதும் மாட்டுவதும்

ஓராண்டில் ஏறத்தாழ இருபது ஒளிப்படமும் அதே அளவு ஓவியமும் சேர்ந்திருக்கும். தொடர் படங்களைக் கேட்கும் போட்டிக்கு அதில் ஆறேழு போதும்: காய், பருத்த காய், சிவந்த பழம், பறிக்கும் கை, காயும் களம், வெறுமையான செடி, பூ. ஒற்றைப் படம் கேட்டால் பூவை எடுத்து அனுப்பத் தோன்றும். களத்தில் பழத்தைப் புரட்டும் கையை அனுப்புவது நல்லது. தலைப்பை 'இயற்கையின் அழகு' என்று எழுத வேண்டாம். எங்கே, எப்போது, யார், என்ன செய்கிறார் என்று இரண்டு வரியில் எழுதினால் நடுவருக்கு உதவியாக இருக்கும்.

கண்காட்சிக்கு மே மாதக் கோடை விழா நல்ல நாளாகத் தோன்றும், ஊரில் கூட்டம் இருக்கும். ஆனால் அப்போது பள்ளி விடுமுறை, விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள். 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போல வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகள் ஏற்காட்டில் பல. ஜூனில் பள்ளி திறந்து, சேர்க்கைக்காகப் பெற்றோர் வரும் வாரமே சரியான நேரம். 8க்கு 12 அங்குலப் பிரிண்ட்டைச் சன்போர்டில் ஒட்டி, ஓவியத்துக்கு மவுண்ட் போர்டு வெட்டி, கண்மட்டத்தில் மாட்டலாம். ஃபிளெக்ஸ் பேனரில் எல்லாப் படத்தையும் அடுக்கி அச்சடித்தால் ஒரு படத்தையும் யாரும் பார்க்க மாட்டார்கள். படத்தில் இருப்பவர்களுக்கு அழைப்பு போக வேண்டும், ஒரு பிரிண்ட்டும் போக வேண்டும், அதற்கான செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.

ஓவியத் தாளின் பின்புறம் பெயர், வகுப்பு, தேதி, இடம் எழுதுவது பென்சிலால். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்புறம் வரை தெரியும், ஈரம் பட்டால் மை கசியும். ஏற்காட்டில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.